பழுதான மைக்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் மாறி மாறி அழைத்ததைப் பார்த்தேன். எடுக்கவில்லை. போனுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பேசினால் என் குரல் கேட்கும். அதை இப்போது யாரும் கேட்க வேண்டாம் என்றிருக்கிறது. மருத்துவமனையில், காது பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் “சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க” என்று சொல்வதைக்கூட ஓர் அட்டையில் எழுதி நீட்டுகிறேன். நேற்று ஒரு பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சைகையிலேயே நன்றி சொன்னார். அதனால்தான் கடிதம்.

இசை நாடகக் குழுவில் எனக்குத் தனிப்பாட்டு கிடைத்ததைச் சொன்னபோது போனில் நீங்கள் அழுதீர்கள். பிறகு சட்டென்று “அடுப்புல வெச்சிருக்கேன்” என்று வைத்துவிட்டீர்கள். சந்தோஷத்தில் அழுகிறீர்கள் என்று நினைத்தேன்.

குரல் தேர்வுக்கு நேரில் வர வேண்டாம், பதிவு அனுப்பினால் போதும் என்று அவர்கள் சொன்னதும், நான் வேறு எதையும் தேடவில்லை. ஊர் மாறி வருவதற்கு முந்தைய சனிக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் பாடினேனே, கரோக்கி மெஷின் தொண்ணூற்றாறு மார்க் போட்டு, திரையில் நட்சத்திரமாக வாரி இறைத்ததே, அந்தப் பதிவைத்தான் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அறையில் நடக்கிற கதை. அதில் குடையைத் தேடி வரும் பெண் நான். முதல் பாதி முடிவில் மேடையில் தனியாக நின்று பாட வேண்டும். பத்து நாள் இந்த ஊர்த் தெருக்களில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

போன ஞாயிறு முதல் ஒத்திகை. பியானோக்காரர் ஆரம்பித்தார், நான் பாடினேன். இரண்டு வரி போனதும் நிறுத்தி, “சுருதி ஒசரமா இருக்கோ?” என்று இறக்கி வாசித்தார். மறுபடி நிறுத்தினார், இன்னும் இறக்கினார். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இயக்குநர் தன் போனில் என் பதிவைப் போட்டார். அந்தக் கொட்டகை முழுக்க அந்தக் குரல் ஓடியது.

“இது யாருங்க?” என்றார்.

“நான்தான்.”

“கோபப்படாதீங்க. நிஜமா கேக்கறேன். இது யாரு?”

“நான்தாங்க. எங்க வீட்டுல பாடினது.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் கூடச் சிரித்துத் தப்பித்திருப்பேன். ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் எழுந்து வந்து என் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். திருட்டில் பிடிபட்டவளுக்குக் கொடுக்கிற தண்ணீர். குடித்தேன். வேறென்ன செய்வது?

அண்ணி, மெஷினில் பாடகர் குரலையும் சேர்த்து ஒலிக்க வைக்கிற வசதி உண்டு என்று எனக்குத் தெரியும். நான் பாடும்போதெல்லாம் அதைத் திறந்து வைத்தீர்களா? ஆறு வருடமாக என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தீர்களா? ஆம், இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

பாப்பா


மார்ச் 12

பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணனுக்கு மூன்று கட்டடத்தில் லிஃப்ட் ஒரே நேரத்தில் நின்றுபோய், ஆளே வீட்டுக்கு வருவதில்லை. தையல் கடையில் எனக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. இந்த மாதம் ஊரே இளைத்துவிட்டது போல, வருகிறவர்கள் எல்லாம் இடுப்பைப் பிடிக்கச் சொல்கிறார்கள். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மட்டும் பேன்ட் இடுப்பைத் தளர்த்திவிடச் சொல்லி வந்தார். “எங்கேம்மா நம்ம நட்சத்திரப் பாடகி? அவங்க போனதிலேர்ந்து சனிக்கிழமையே வர்றதில்ல” என்றார். உனக்கு வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். மெஷினுக்குள் இருக்கிற குரல்தான். கொஞ்சமாகத்தான் வைத்தேன், உனக்குப் பிடிமானத்துக்கு. சின்னக் குழந்தை சைக்கிள் ஓட்டும்போது பின்னால் பிடித்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. அது தப்பென்றால் தப்புதான், மன்னித்துவிடு. ஆனால் இதற்காகப் போய் யாராவது வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவார்களா? உனக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று அந்த இயக்குநரிடம் சொல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல். நம்புவார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. போனை எடு.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

தொண்டை கட்டியிருந்தது என்று சொல்லும்படி எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யை நீங்களே தைத்துக் கொடுக்கிறீர்கள். அளவும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போட்டுக்கொள்ள மாட்டேன்.

வியாழக்கிழமை கடைசி நோயாளி போன பிறகு, பரிசோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளிச்சத்தம் துளியும் உள்ளே வராத அறை அது. என்னிடம் இருப்பதிலேயே நல்ல ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டேன். ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறவள், என் காதை அங்கே உட்கார்த்திச் சோதித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குரல் இருக்கிறது. ஒன்று முன்னால் ஓடிப் போய்ச் சுருதியைத் தவறவிட்டுத் தடுமாறுகிறது. மற்றது மூச்சுவிடும் நேரம் பின்னால் வந்து, அதைத் தோளைப் பிடித்துத் திருப்புவது போல இடத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த இரண்டாவது குரல் எவ்வளவு அழகு! என்னையும் மீறி ரசித்தேன், அண்ணி. அந்த அவமானமும் இதோடு சேர்ந்துகொண்டது.

சரணத்தில், பாட்டு மேலே ஏறுகிற இடத்தில், ஒரு குக்கர் விசில் கேட்கிறது. கூடத்தில் நிற்கிற எனக்குக் கேட்கிற மாதிரித் தூரத்து விசில் இல்லை, மைக்குக்குப் பக்கத்திலேயே அடிக்கிறது. உடனே அந்தக் குரல் நிற்கிறது. “ஐயோ” என்று ஒரு முணுமுணுப்பு. அடுப்புக் குமிழைத் திருகுகிற சத்தம். அந்த இடைவெளியில் நான் தனியாகப் பாடுகிறேன். கேட்கச் சகிக்கவில்லை. பிறகு அந்தக் குரல் ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது.

மெஷினுக்குள் இருக்கிற பாடகர் எவரும் பாதிப் பாட்டில் அடுப்பை அணைக்கப் போகமாட்டார்.

மெஷினோடு வந்த இரண்டாவது மைக் பழுது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

ஒரு விஷயம் அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். வருடா வருடம் நாம் மூவரும் இசை நாடகம் பார்க்கப் போவோமே. மேல்மாடத்தில் கடைசி வரிசை. விளக்கு அணைந்ததும் அண்ணன் தூங்கிவிடுவார். நீங்கள் நுனி இருக்கையில் உட்கார்ந்து மேடையையே பார்ப்பீர்கள். இருட்டில் உங்கள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும், சத்தமே வராது. ஏதோ வேண்டிக்கொள்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இயக்குநர் என்னைக் குழுவை விட்டுப் போகச் சொல்லவில்லை. மேடைப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதாவது, குடைகளை. தனிப்பாட்டை ரொட்டிக்கடைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் பாடும்போது குடையை அவள் கையில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் உண்மையிலேயே ஏமாற்றுக்காரி ஆகிவிடுவேன் என்று போகிறேன். நேற்று வாசலில் இயக்குநர் என்னிடம் தனியாக, “அந்தக் குரல் யாருதுன்னு தெரிஞ்சா ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன்” என்றார். என்ன சொல்வேன்? எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது என்றா?

எதற்காக அப்படிச் செய்தீர்கள்? இரக்கம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

பாப்பா


ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். வீட்டில் உன் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுத வரவில்லை.

உனக்காகத்தான் செய்தேன் என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் அப்படி எழுத மாட்டேன்.

எனக்கு முகங்களைப் பார்த்துப் பாட வராது. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை மேடையேற்றினார்கள். எதிரே வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்ததும் பாட்டு வரவில்லை. டீச்சர் பின்னாலிருந்து “பாடேன்டி, பாடேன்டி” என்கிறார். நான் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமான பிறகும் உன் அண்ணன் எதிரில்கூட வாயைத் திறந்ததில்லை. கடையில் தையல் மெஷின் ஓடுகிற வரைக்கும் அந்தச் சத்தத்துக்கு அடியில் பாடுவேன். மெஷினை நிறுத்தினால் பாட்டையும் நிறுத்திவிடுவேன்.

நீ உன் புகுந்த வீட்டை விட்டு எங்களிடம் வந்த புதிது. நீ சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் உன் அண்ணன் கரோக்கி மெஷின் வாங்கி வந்தார். முதல் சனிக்கிழமை நீ பாடினாய். முப்பத்தெட்டு மார்க். “மெஷினுக்கு ரசனை இல்ல” என்று சிரித்தாய், ஆனால் உன் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. பேட்டரி மாற்றுவதற்கென்று உன் அண்ணன் இரண்டாவது மைக்கைச் சமையலறை மேடையில் வைத்திருந்தார். மாற்றிவிட்டு அணைக்க மறந்திருக்கிறார். நீ அடுத்த பாட்டை ஆரம்பித்தாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கூடவே ஒரு வரி பாடினேன். கூடத்து ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது.

பாப்பா, நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் குரல் இவ்வளவு பெரிதாக, நான் இல்லாத அறையில். எல்லோரும் அதைக் கேட்கிறார்கள், ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்க்கிறார்கள். மருந்துக்கடைக்காரர், “பாப்பா, பின்னிட்டியே!” என்று கத்துகிறார். உனக்கும் அது உன் குரலாகத்தான் கேட்டிருக்கிறது. மறுவாரம் இரண்டாவது மைக் பழுதாகிவிட்டது என்று சொல்லி, டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நான் உனக்குக் குரல் கொடுக்கவில்லை. உன் முகத்தை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தவள் நீ இல்லை, நான். அந்தக் கைதட்டலை அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாக எனக்கென்று எடுத்துக்கொண்டு, பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ கொண்டு வருவேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதாமல் போனால் மேலே எழுதியதற்கெல்லாம் அர்த்தமில்லை. அந்தக் கடைசி சனிக்கிழமை, போகிற ஊரில் பெரிய குழு இருக்கிறது, அவர்களுக்கு இந்தப் பதிவை அனுப்பப் போகிறேன் என்று நீ சொல்லிவிட்டுத்தான் பாட ஆரம்பித்தாய். அப்போது மைக்கை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும்விட நன்றாகப் பாடினேன். நாடகக்காரர்கள் என்னைத் தேர்ந்தெடுப்பார்களா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நீ என்ன ஆவாய் என்று யோசிக்கவில்லை. யோசித்தேன், தள்ளிவிட்டேன். போனில் நான் அழுதது அதற்குத்தான்.

அந்தத் தண்ணீர்த் தம்ளரை நான் வாங்கியிருக்க வேண்டும்.

அண்ணி


மே 19

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். ஒரு கடிதத்தில் உங்களைத் திருடி என்றே எழுதினேன். எழுதியதும் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ஏனென்று நாடகம் அரங்கேறிய பிறகுதான் தெரிந்தது.

நேற்று அரங்கேற்றம். ரொட்டிக்கடைப் பெண் பாடினாள். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது அவள் குரல். குடையைக் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டு இருட்டில் நின்றேன். மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணியால் மறைத்த ஒரு சின்ன அடைப்பு இருக்கிறது. அதற்குள் நான்கு பேர் ஹெட்போன் போட்டுக்கொண்டு, பியானோக்காரரின் கையை ஒரு குட்டித் திரையில் பார்த்தபடி பாடுகிறார்கள். மேடையில் ஆடி ஓடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குமே, அந்த இடங்களை நிரப்புவது இவர்கள். எந்த இசை நாடகத்திலும் இப்படி உண்டாம். வருடா வருடம் மேல்மாடத்திலிருந்து பார்த்து உருகினோமே, அங்கேயும் இருந்திருப்பார்கள். இயக்குநர் என் காதில், “பாதி நாடகம் இங்கதான் நடக்குது” என்றார். முடிந்ததும் மேடையில் இருந்தவர்கள் கைகோத்துக் குனிந்தார்கள், அரங்கம் எழுந்து நின்று தட்டியது. அடைப்புக்குள் இருந்த நால்வரும் வெளியே போகவில்லை. இருட்டில் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார்கள். அவர்கள் பெயர் விளம்பரத் தாளில் அச்சாகியிருந்தது என்பது மட்டும்தான் உங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம்.

அப்போது ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. நீங்கள் டீத் தட்டோடு வருகிறீர்கள். மருந்துக்கடைக்காரர், “நீங்களும் ஒண்ணு பாடுங்களேன்” என்கிறார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, “அண்ணியா? அண்ணிக்குக் காதுதான் உண்டு, குரல் கிடையாது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே எனக்கு டீ கொடுத்தீர்கள். உங்கள் குரலில் கைதட்டல் வாங்கிய சூடு ஆறுவதற்குள் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இதை நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. மறந்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு ஒன்றுமே தெரியாத மாதிரி முதல் கடிதத்தில் எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை. குளியலறையில் தனியாகப் பாடும்போது என் குரல் வேறு மாதிரி கேட்கும். சுவர் சரியில்லை என்பேன். மருத்துவமனையில் மதிய வேளையில் ஹம் செய்தால் கூட வேலை செய்பவள் எழுந்து போவாள். அவளுக்கு ரசனை இல்லை என்பேன். எதிரே இருப்பவர் கேட்காமலே பட்டனை அழுத்தினால் எனக்கு உடனே தெரிந்துவிடும். என் கை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தொண்ணூற்றாறு வந்தால் ஏன் வந்தது என்று கேட்க எனக்கு மனசில்லை.

அண்ணன் நாடகம் பார்க்க வந்திருந்தார். தூங்கவில்லை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே வந்து டீ குடிக்கும்போது நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“பாப்பா, நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மைக் பழுதாயிடுச்சுன்னா பிரிச்சுப் பாக்காம விட்டுடுவேனா?”

“தெரியுமா உனக்கு?”

“கூடத்துல அவ்வளவு நல்ல சோபா இருக்கு. நான் எதுக்கு ஆறு வருஷமா அடுப்படிக் கதவுப் பக்கத்துல அந்த ஆட்டம் காணுற நாற்காலியில உக்காந்திருந்தேன்னு நெனச்ச? கேட்டா அவ நிறுத்திடுவா. அதான் கேக்கல.” டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “உன்ன பத்தி நான் யோசிச்சிருக்கணும்” என்றார்.

ஆக, இந்தப் பொய்யில் நாம் மூவருமே.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். என் அறையில் தனியாகப் பாடிப் பதிந்தது. அதே பாட்டு. எதிரொலி எதுவும் சேர்க்கவில்லை, எந்தக் குரலும் கூட இல்லை. அதில் இருப்பது நான் மட்டும். அண்ணனிடம் கொடுத்துவிட்டிருக்கலாம், அவர் வழியிலேயே கேட்டுவிடுவார். நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பிடித்துப் பிடித்து அளவாக்காமல், இருக்கிறபடி எழுதுங்கள்.

இயக்குநர் மறுபடியும் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டார். அவரவர் குரலை அவரவர்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பாப்பா


மே 31

பாப்பாவுக்கு,

நீ சொன்னபடி முதலில் நான் மட்டும்தான் கேட்டேன். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

மோசம், பாப்பா. நிஜமாகவே மோசம். ஆரம்பமே தப்பு. மேலே போகிற இடத்தில் நீ ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். சிரித்துவிட்டேன். பிறகு சரணம் வந்தது, குக்கர் விசில் அடித்த அந்த இடம். அன்று உன்னை அங்கே தனியாக விட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனேனே, அங்கே நிற்காமல் பாடிக்கொண்டு போய்விட்டாய். தப்புத் தப்பாகத்தான், ஆனால் நிற்கவில்லை. அதை மட்டும் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். இடுப்பு பிடிக்க வந்த ஓர் அம்மா வெளியே ஷட்டரைத் தட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே போனாள்.

நீ சொன்ன அந்த சனிக்கிழமையை நான் மறக்கவில்லைதான். அன்றைக்கு டீயில் உனக்குச் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். நீ கவனிக்கவில்லை. அதோடு அது சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து அந்த மைக்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். உன் அண்ணன் சோபாவில் இருந்தார். என் கையில் மைக்கைப் பார்த்ததும் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பாட்டு ஆரம்பித்தது. வாய் திறக்கவில்லை. திரையில் வரிகள் தம் பாட்டுக்கு ஓடுகின்றன. அவர், “நான் வேணா மாடிக்குப் போகட்டுமா?” என்றார். “சும்மா உக்காருங்க” என்று சொல்லி, ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு பாடினேன். பாதியில் திரும்பிவிட்டேன். எப்போது திரும்பினேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால் அவர் முகம் எதிரே இருக்கிறது, நான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

குரல் அப்படி நடுங்கியது. மெஷின் அறுபத்திரண்டு போட்டது. உன் அண்ணன் மெஷினைத் திட்டினார். திரையில் யார் பாடியது என்று கேட்கும் இல்லையா, ஆறு வருடமாக எல்லா இடத்திலும் உன் பெயரே இருந்தது. கீழே என் பெயரைப் போட்டேன். அறுபத்திரண்டு என்னுடையது. அழிக்கவில்லை.

அந்த இயக்குநருக்கு நான் இப்போது ஒன்றும் பதில் சொல்வதாக இல்லை. ஒரு முகத்துக்கே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் நான்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் போன் அடிக்கும். எடு. எடுத்து ஹலோகூடச் சொல்ல வேண்டாம், நேராகப் பாடு. நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அண்ணி